ஹம் அம்பாளிடம் காரில்

ஜூலை 5, 2025, சனி

அம்மாவை ஜேர்மனியின் ஹம் காமாட்சி அம்பாளிடம் கூட்டிக்கொண்டு போவதென்று இன்று முடிவாகிவிட்டது. ஆகஸ்ட் 1 ஆடி வெள்ளி. அதற்கு இரண்டு நாள் முன்னம், புதன் விடியவே வெளிக்கிடுகிறோம். நான், தங்கச்சி, அம்மா, பிள்ளைகள் இரண்டு பேர். இவருக்கு லீவு கிடைக்கவில்லை.

2002இல் அந்தக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தபோது ஐரோப்பாவின் மூலை முடுக்கெல்லாம் இருந்து எங்கட சனம் போனது. எங்களுக்கு அப்போது விசா முடிவு வரவில்லை. லண்டனை விட்டு வெளியே போகக் கையில் ஒரு துண்டுக் கடிதாசியும் இல்லை. டோட்முண்ட் சித்தப்பா அனுப்பிய வீடியோவில் அந்த 17 மீற்றர்க் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, அம்மா ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போனது எனக்கு இப்பவும் கண்ணில் நிற்கிறது. 23 வருசம்.

விமானத்தில் போகலாம்தான். ஆனால் அம்மாவின் முழங்காலுக்கு விமான நிலைய நடை ஆகாது. காரென்றால் நினைத்த இடத்தில் நிறுத்திக் கால் நீட்டலாம். கடல் தாண்டி பிரான்சில் இறங்குகிற கலேயில் இருந்து ஹம் ஏறக்குறைய 450 கிலோமீற்றர். பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜேர்மனி என்று நாலு நாட்டு ரோட்டு. எங்கட கார் 2016ஆம் ஆண்டுப் பெற்றோல் கார். அதை வடிவாக ஆயத்தப்படுத்த மூன்றரைக் கிழமை இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

தபாலில் வரவேண்டியவற்றை முதலில் தொடங்கினேன். நாங்கள் தங்கப்போகிற டோட்முண்ட் நகரம், புகை கூடிய கார்களை விடாத ரூர் பகுதிச் சுற்றுச்சூழல் வலயத்துக்குள் வருகிறது. கண்ணாடியில் பச்சை ஸ்ரிக்கர் இல்லாமல் உள்ளே போனால் 100 யூரோ தண்டம். வெளிநாட்டுக் காருக்கும் விலக்கில்லை. திரும்பும்போது பாரிசில் ஒரு இரவு தங்கி, எங்கட தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பலில் சாமான் வாங்குவது தங்கச்சியின் ஆசை. அதற்குக் காரின் புகைத் தரத்தைக் காட்டுகிற பிரான்சின் கிறிற்றேர் ஸ்ரிக்கர் வேண்டும். அரசாங்கத் தளத்தில் நேரே எடுத்தால் தபாற்செலவோடு சுமார் 5 யூரோதான். அதையே பல மடங்கு விலைக்கு விற்கிற தளங்களும் இருக்கின்றன, தேடும்போது அவைதான் முதலில் வந்து நிற்கும். விண்ணப்பிக்கும்போது காரின் லொக்புக்கை (பதிவுப் பத்திரத்தை) படமெடுத்து ஏற்ற வேண்டும்.

லொக்புக்கில் இவருடைய பெயர். அவர் வராதபடியால், காரை நான் கொண்டுபோக அனுமதிக்கிறேன் என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்று. பிள்ளைகளைத் தகப்பன் இல்லாமல் கூட்டிப்போவதால் அதற்கும் ஒரு கடிதம். இரண்டையும் இன்றைக்கே எழுதி வாங்கிவிட்டேன்.

இன்சூரன்ஸ்காரரோடு அரை மணித்தியாலம் கதைத்தேன். வெளிநாட்டில் காப்புறுதிக்கு அத்தாட்சியாகக் காட்டுகிற பச்சை அட்டை 2021 ஓகஸ்டில் இருந்து தேவையில்லை. ஆனால் இங்கே முழுக் காப்புறுதி இருக்கிறதென்று நிம்மதியாக இருக்கக்கூடாது. கடல் தாண்டினால் பல ஒப்பந்தங்கள் மற்றவருக்கு வரும் சேதத்தை மட்டுமே பொறுப்பேற்கின்றன. எங்களதும் அப்படித்தான். மேலதிகமாகக் கட்டி, தங்கச்சியின் பெயரையும் ஓட்டுநராகச் சேர்த்தேன்.

ஜூலை 12, சனி

காருக்கு வருசாவருசம் செய்கிற எம்ஓரீ சோதனை முடிகிற திகதியை இன்று தற்செயலாகப் பார்த்தேன்: ஆகஸ்ட் 3. நாங்கள் டோட்முண்டில் நிற்கிற நாள்! நல்ல காலம், முடிவதற்கு ஒரு மாதத்துக்குள் முன்கூட்டியே செய்தாலும் அடுத்த வருசத் திகதி மாறாது. உடனே கராஜில் பதிந்தேன்.

பிறகு ரயர். 20 பென்ஸ் காசை ரயரின் பள்ளத்துக்குள் நிறுத்திப் பார்க்க வேண்டும். காசின் வெளிவிளிம்பு மறைந்தால் சரி, தெரிந்தால் தேய்ந்துவிட்டது. சட்டப்படி 1.6 மில்லிமீற்றர் போதும். பின்பக்க இரண்டிலும் விளிம்பு மங்கலாகத் தெரிந்தது. நனைந்த ஓட்டோபானில் (ஜேர்மன் மோட்டர்வேயில்) லொறிகளுக்கு நடுவே அம்மாவை வைத்துக்கொண்டு போகிற எனக்கு அது போதாது. இரண்டையும் மாற்றச் சொன்னேன்.

ஜூலை 14, திங்கள்

மாற்றப் போன இடத்தில்தான் தெரிந்தது. ஒவ்வொரு சில்லிலும் ஒரு நட் களவுபோகாதபடி பூட்டு நட். அதைக் கழற்ற அதற்கென்றே செய்த ஒரு சாவி வேண்டும். நாங்கள் காரைக் கைமாறி வாங்கியவர்கள், அந்தச் சாவியை ஒருநாளும் கண்டதில்லை. டிக்கியை முழுக்கக் கவிழ்த்துத் தேடினோம், இல்லை. கராஜ்காரர் தனிக் கருவி போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாதாரண நட் போட்டுத் தந்தார். ஒரு மணித்தியாலம் எடுத்தது.

நான் அங்கே கதிரையில் இருந்து யோசித்ததெல்லாம் இதுதான்: இது இரவு பத்து மணிக்கு பெல்ஜியத்தில் காற்றுப் போன பிறகு தெரியவந்திருந்தால்? வீதியுதவிக்கு வருகிறவரும் சில்லைக் கழற்ற முடியாமல் கையை விரித்திருப்பார். இதை வாசிக்கிற எல்லாரும் இன்றைக்கே போய் அந்தச் சாவி எங்கே கிடக்கிறதென்று பாருங்கோ.

எங்கட காரில் மேலதிகச் சில்லும் இல்லை. ஓட்டையை அடைக்கிற பசைப் போத்தலும் சின்னப் பம்பும்தான். போத்தலின் அடியில் காலாவதித் திகதி போட்டிருக்கும், எங்களதில் அது எப்போதோ முடிந்துவிட்டது. ரயர் பக்கவாட்டில் கிழிந்தால் பசை எப்படியும் உதவாது. மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாத அந்த மெல்லிய சில்லு ஒன்றும் ஜாக்கியும் வாங்கினேன்.

ஜூலை 19, சனி

இரவு ஒன்பதே முக்கால். இருட்டுவதற்காகக் காத்திருந்தோம். காரைப் பின்வீட்டு மதிலுக்கு முன்னால் நிறுத்தி லைட்டைப் போட்டால், ஒளி மட்டமாக வந்து இடப்பக்கத்தில் மட்டும் மேலேறி நிற்கிறது. இங்கே அது நடைபாதையைக் காட்டுகிற ஒளி. அங்கே, வலப்பக்கமாக ஓடும்போது, அதே ஒளி எதிரே வருகிறவன் கண்ணில் நேரே குத்தும். சில கார்களில் இதை மாற்ற ஒரு நெம்போ திரையில் ஒரு தெரிவோ இருக்கும். எங்கட காரில் இல்லை. ஒளியை மறைக்கிற ஸ்ரிக்கரைக் கண்ணாடியில் எந்த இடத்தில் ஒட்டுவதென்று, மகள் மதிலைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அளந்து, பென்சிலால் குறித்து வைத்தேன். கடலுக்கடியால் காரோடு ரெயினில் போக ஏறுகிற ஃபோக்ஸ்டனில் ஒட்டுவோம். திரும்பி வந்தவுடன் உரிக்க வேண்டும்.

பின்னால், எந்த நாட்டுக் கார் என்று காட்டுகிற யூகே ஸ்ரிக்கரும் ஒட்டியாயிற்று. எங்கட நம்பர் பலகையில் பழைய ஜீபி எழுத்து இருக்கிறது, 2021 செப்ரெம்பர் 28க்குப் பிறகு அது செல்லாது.

ஜூலை 22, செவ்வாய்

மகனோடு இன்று பெரிய வழக்கு. அவனுக்கு 11 வயது, உயரம் 141 சென்ரிமீற்றர். இங்கே 135ஐத் தாண்டினால், பிள்ளையை உயர்த்தி இருத்துகிற ஆசனம் வேண்டாம். ஜேர்மனியில் 12 வயது ஆகும்வரை, அல்லது 150 சென்ரிமீற்றர் வளரும்வரை, அதில் இருந்தே தீரவேண்டும். "நான் சின்னப்பிள்ளையே?" என்று கண் கலங்கிவிட்டான். அம்மம்மாதான் அவனைப் பக்கத்தில் இருத்தி, "ஓம் குஞ்சு, உயரத்தில இருந்தா கோபுரம் உனக்குத்தான் முதல் தெரியும்" என்றா. அதோடு அடங்கினான். மேல்மாடியில் இருந்து பழைய ஆசனத்தை அவனே இறக்கி வந்தான்.

ஜூலை 27, ஞாயிறு

சாமான் கட்டும் நாள். எச்சரிக்கை முக்கோணம் டிக்கியில். ஒளிரும் அங்கி ஐந்தும் ஆசனங்களுக்குக் கீழே. டிக்கிக்குள் வைத்தால், அதை எடுக்கவே அங்கியில்லாமல் மோட்டர்வேயில் இறங்க வேண்டிவரும். முதலுதவிப் பெட்டி, டோர்ச், அம்மாவின் இன்சுலினுக்குக் குளிர்ப்பை, மருந்துச் சீட்டின் பிரதி. வழிகாட்டும் கருவியில் வேகக் கமரா எச்சரிக்கையை நிறுத்தினேன், பிரான்சில் அது குற்றம். பிரெஞ்சு மோட்டர்வேயில் கார் நின்றால் நாங்கள் விரும்பிய ஆளைக் கூப்பிட முடியாது, ஓரத்தில் இருக்கிற செம்மஞ்சள் தொலைபேசியில் பேச வேண்டும் என்று தங்கச்சிக்கும் சொல்லிவைத்தேன்.

அம்மாவின் அர்ச்சனைக் கூடைதான் இன்றைய நாளை எடுத்தது. பிரெக்சிற்றுக்குப் பிறகு இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுபோகக் கூடாது. தயிர்ச்சாதம், பிள்ளைகளின் சீஸ் சான்விச், விளக்குக்கு வைத்த நெய், எல்லாம் வெளியே. நெய்க்குப் பதில் நல்லெண்ணெய், தயிர்ச்சாதத்துக்குப் பதில் புளிச்சாதம். மரக்கறி, பழம், பூ, இலை எதற்கும் நோயில்லைச் சான்றிதழ் கேட்பார்கள். வெற்றிலை, மாம்பழம், எலுமிச்சம்பழம், கொழுந்து எல்லாவற்றையும் அம்மா ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தா. முகம் வாடிப்போனது.

ஆனால் ஐரோப்பியச் சட்டம் ஐந்து பழங்களுக்கு மட்டும் விலக்கு வைத்திருக்கிறது: அன்னாசி, வாழைப்பழம், டூரியன், பேரீச்சை, தேங்காய். அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். "தேங்காயும் வாழைப்பழமும் விட்டிட்டாங்களோ? அது போதும் பிள்ளை, அவளுக்கு." மூன்று தேங்காயும் ஒரு சீப்புக் கதலியும் கூடைக்குள் திரும்பப் போயின.

ஜூலை 29, செவ்வாய்

ஐந்து பேரும் பாரமும் ஏறினால் ரயர்க் காற்றும் கூட்ட வேண்டும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் முழுப் பாரத்துக்கென்று தனி அளவு எழுதியிருக்கிறது. ரயர் ஆறியிருக்கும்போது அடித்தேன். எண்ணெய், கண்ணாடி கழுவும் தண்ணீர், வைப்பர் எல்லாம் பார்த்தாயிற்று.

பின்னேரம் அம்மாவுக்கு அங்கே ரவுண்டபௌட்டை எந்தப் பக்கமாகச் சுற்றுவதென்று சீனிப் போத்தலை வைத்துக் காட்டினேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சொன்னா: "இஞ்ச நாங்கள் அதை வலம் வாறம். அங்க இடம் வாறது." எத்தனையோ தடவை வாசித்தும் பதியாதது இந்த ஒரு வசனத்தில் பதிந்துவிட்டது. நடுத்திட்டு என் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். ஸ்ரியரிங்குக்கு மேலே கடதாசியில் "இடம் வா" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஜூலை 30, புதன்

ரெயினுக்குள் இருந்து எழுதுகிறேன். விடிய நாலு மணிக்கு ஹரோவில் இருந்து வெளிக்கிட்டோம். கொண்டுபோக முடியாத எலுமிச்சம்பழங்களில் நாலை அம்மா சில்லுகளுக்குக் கீழே வைத்தா. நாலும் நசிந்தன.

ஃபோக்ஸ்டனில் லைட் ஸ்ரிக்கர்களைப் பென்சில் குறியில் ஒட்டினேன். பிரெஞ்சுக் குடிவரவுச் சோதனை கடலுக்கு இந்தப் பக்கமே முடிந்துவிடுகிறது. அம்மா தன்னுடைய பாஸ்போட்டைத் தானே கொடுப்பேன் என்று பிடிவாதம். யன்னலால் கையை நீட்டிக் கொடுத்தா. அதிகாரி முத்திரையைக் குத்தித் திருப்பித் தந்தார்.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான் அம்மா."

மூடிய பாஸ்போட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைத் திரும்பவும் பார்த்தா.

இப்போது ஹான்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, என்ஜினை நிறுத்தியாயிற்று. யன்னல்களைப் பாதி இறக்கி விடச் சொல்லி அறிவிப்பு வந்தது. 35 நிமிடம். அம்மா தன் பக்க யன்னலைச் சரியாகப் பாதிவரை இறக்கி, கூடையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறா.