“நல்லாத்தாம்ப்பா இருக்கு”

போன் கேமரா செயலியை ஆட்கள் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து எழுதுவது என் வேலை. யூசபிலிட்டி டெஸ்டிங் என்பார்கள். சென்னையில் ஏசி அறைக்குள் செய்து அலுத்துப்போய், ஒரு சுற்றை மட்டும் எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடி. மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேரே போதும் என்று யூசபிலிட்டி நிபுணர் யாக்கோப் நீல்சன் 2000-இல் எழுதியதை வைத்துத்தான் இன்றும் பட்ஜெட் போடுகிறார்கள். அவர் சொன்னது ஒரே மாதிரியான ஆட்கள் ஐந்து பேர் என்பதை வசதியாக மறந்துவிடுவோம்.

கானாடுகாத்தானில் ஒப்புதல் படிவத்தை நீட்டியதும், “வீட்டுப் பத்திரம் ஒண்ணும் இல்லையே?” என்று ஆச்சி சிரித்தார். வீடியோவில் முகம் பதிவாகாது, திரையைத் தொடும் விரல் மட்டும்தான் என்று படித்துக் காட்டியபின் கையெழுத்து. அப்புறம் வெள்ளைப் பணியாரம். சாப்பிடாமல் போனை எடுக்கவே விடவில்லை. என் 45 நிமிடத் திட்டத்தில் அதற்கு இடமில்லை.

செய்துகொண்டே மனதில் தோன்றுவதைச் சொல்லச் சொல்வோம். ஆச்சி சொன்னது ஒன்றுதான்: “நல்லாத்தாம்ப்பா இருக்கு.” ஷட்டரை அமுக்கிப் பிடித்ததில் படத்துக்குப் பதில் வீடியோ ஓடியது. நல்லாத்தான் இருந்தது. வளவில் தூணோரம் நின்று முற்றத்தை எடுத்தார். உச்சி வெயிலில் முற்றம் வெளேரென்று, பர்மா தேக்குத் தூண்கள் கரிக்கட்டையாக. அதுவும் நல்லாத்தான் இருந்தது. வீடு தேடி வந்த பிள்ளையின் சாமானை யார் குறை சொல்வார்கள்?

பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. “இவங்களுக்கு நீங்க சொல்லிக்கொடுங்க ஆச்சி” என்று போனைக் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.

“லேசாத் தொடணும்டி. அமுக்குனியோ, படம் ஓட ஆரம்பிச்சிரும். தொட்டாலும் சில நேரம் கேக்காது, வெரலு காஞ்சு கெடக்குல்ல. இந்த நிலாவத் தொட்டுறாத, போன் தூங்கிரும்.”

அந்த நிலா, இரவுப் படத்துக்கு நாங்கள் வைத்த அடையாளம். பத்தே நிமிடத்தில் 11 குறைகள் எழுதினேன்.

ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றிப் பூக்கல், அதாவது பூப்போட்ட தரைக் கல், வார்ப்பவர் ஒருவர். கையெல்லாம் சிமெண்ட் என்பதால் வால்யூம் பட்டனில்தான் படம் எடுப்பாராம். எங்கள் புதுப் பதிப்பில் அதை ஜூமுக்கு மாற்றியிருந்தோம். அமுக்க அமுக்கக் கல் கிட்டே வந்தது, படம் விழவில்லை. “இத யாரு தம்பி மாத்தச் சொன்னா?” என்றார். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

சிவப்புக் கல்லைத் திரை நிறைய வைத்தால், கேமரா அதைச் சமன்செய்யப் போய்ச் சாயத்தை வெளிறடிக்கிறது. வாட்ஸப்பில் பார்த்தவர்கள் நேரில் வந்து வேறு கலர் என்று சண்டை போடுகிறார்களாம். அதனால் ஓரத்தில் ஒரு வெள்ளைத்தாளையும் சேர்த்து வைத்து எடுக்கிறார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

காரைக்குடியில் பார்த்த மூவரிடம் புதிதாகப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

அறிக்கையில் திருப்தி மதிப்பெண் என்று ஒரு கட்டம் உண்டு. ஆச்சி கொடுத்தது ஐந்துக்கு ஐந்து. அப்படியே போட்டு, கீழே அந்த 11-ஐயும் எழுதி அனுப்பினேன்.