பத்திரத்தில் இல்லாத பெயர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நில மீட்பு மனு விஷயமாக வரும் குடும்பங்கள் முதலில் நீட்டுவது டைட்டில் டீடைத்தான். ஆனால் 1994-ஆம் ஆண்டின் நில மீட்புச் சட்டம் பட்டாதாரரோடு நின்றுவிடவில்லை. 1913 ஜூன் 19-க்குப் பிறகு இனவாதச் சட்டத்தால் நிலம் பறிபோயிருந்தால் குத்தகைக்காரரும் கேட்கலாம். நிலம் பறிபோவதற்கு முன் 10 ஆண்டு விடாமல் அனுபவித்தவரும் கேட்கலாம். இந்நாட்டின் ஆதிக்குடிகளான கொய், சான் மக்கள் பல தலைமுறை முன்பே நிலம் இழந்தவர்கள். அவர்களை இந்தத் தேதி வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அது பெரும் அநியாயம்.

டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் காய்கறி போட்ட இந்திய வம்சாவளியினரான நம்மவர்களில் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. இருந்தவர்கள் ஒரு மூலையை ஜூலு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அங்கே தகரமும் பலகையுமாக வீடுகள் எழுந்தன. பிறகு அவர்களைக் கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய க்வாமாஷுவுக்கு ஏற்றினார்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-இன் குரூப் ஏரியாஸ் சட்டத்தின் பேரில் நம்மவர்களை இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குத் தள்ளினார்கள். ஆகவே ஒரே மனைக்கு இரண்டு மூன்று பேர் மனு போட்டிருப்பதில் வியப்பில்லை.

மனு படுத்துக்கொள்வது பெரும்பாலும் வாரிசு விஷயத்தில். கப்பல் பதிவேட்டில் தாத்தா பெயர் ஒரு மாதிரி, பத்திரத்தில் இன்னொரு மாதிரி. கோயிலில் நடந்த கல்யாணம் பதிவாகாததால் பாட்டி தன் அப்பா பெயரிலேயே இருப்பார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் காலனி நம்பரை, அதாவது ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்த ஒவ்வொருவருக்கும் கொடுத்த எண்ணை, எடுங்கள். இறந்தவர்களின் சொத்துகளைக் கவனிக்கும் மாஸ்டர் ஆபீசில் இறந்தவரின் எஸ்டேட் கோப்பைக் கேளுங்கள். அதிலுள்ள மரண அறிவிப்பில் பிள்ளைகள் பெயர் இருக்கும். எல்லா எழுத்து வடிவங்களும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று அஃபிடவிட் போடுங்கள். கட்டிக்கொடுத்த பெண்களை விட்டுவிடாதீர்கள்: விடுபட்ட ஒரு அத்தை வந்து நின்றால், பணம் பட்டுவாடா ஆகும் நேரத்தில் கோப்பு மறுபடி முதலிலிருந்து ஓடும். அந்தக் காலத்தில் அரசு கொடுத்த ஈட்டுத்தொகைக் கடிதம் இருந்தால் ஒளிக்க வேண்டாம், அதையும் கணக்கில் எடுப்பார்கள்.

முதல் கெடுவான 1998 டிசம்பர் 31-க்குள் போட்ட மனுக்களுக்கே முதலிடம் என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2016-இல் சொன்னது. 2014-இல் மறுபடி திறந்ததிலிருந்து 2016-இல் நிறுத்தப்படும் வரை போட்டவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.

பழைய வாடகை நோட்டு கிடைத்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சில நோட்டுகளில் வாடகைக்கு இருந்தவரின் பெயராக வெறும் ‘ஜான்’, மாதம், தொகை, பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகை. வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்து அந்த ஜானின் ஜூலு குடும்பப் பெயர் என்ன, எந்த மரத்தடியில் வீடு இருந்தது என்று கேளுங்கள். உங்கள் அஃபிடவிட்டிலேயே அதையும் எழுதுங்கள். அந்த ஜானின் பேரனிடம் வேறு சாட்சி இருக்காது.