கை காட்டினால் நிறுத்து, அப்புறம்?

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். கிளட்ச், கியர், ரிவர்ஸ், மேட்டில் நிறுத்தி எடுப்பது என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் பாடம் உண்டு. போலீஸ் கை காட்டினால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் போன வருடம் வரை பாடம் இல்லை. "ஓரமா நிறுத்திடுங்க" என்பேன், அவ்வளவுதான். நிறுத்திய பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உறைத்தது.

அன்று ஓட்டியவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா. என்னைத் தம்பி என்பார். ஒன்பதாவது வகுப்பு, மூன்றாவது கியர் வரை வந்துவிட்டார். திருப்பம் தாண்டியதும் போலீஸ்காரர் கையை நீட்டினார். பதற்றத்தில் அம்மா பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை அமுக்க, என் பக்கத்துப் பிரேக்கை நான் மிதித்தேன். மூக்கைக் கோணலாக வைத்துக்கொண்டு வண்டி குலுங்கி நின்றது. போலீஸ்காரர் ஒரு எட்டு பின்னால் துள்ளினார். அப்புறம் பானெட்டை உள்ளங்கையால் தட்டிவிட்டு ஜன்னலுக்கு வந்தார்.

"கண்ணு தெரியலையா?"

அம்மாவுக்கு வாய் வரவில்லை. எனக்கு வந்துவிட்டது. "உங்களுக்கு எல் போர்டு தெரியலையா சார்?"

பத்து சொல் இல்லை. ஆனால் அந்த இரண்டு வாக்கியம் எங்களுக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, அம்மாவின் பழகுநர் உரிமம், என் உரிமம், பள்ளியின் உரிமம். ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் புரட்டினார். டயரின் பள்ளத்தில் விரல்நகத்தை விட்டுப் பார்த்தார். வைப்பரைத் தூக்கிப் பார்த்தார். எதிலும் குறை இல்லை. குறை இல்லை என்பது தெரியத் தெரிய அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அம்மா மட்டும், எஞ்சின் அணைந்து அரை மணி நேரம் ஆகியும், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் போலீஸ்காரர் காகிதங்களைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பின் சீட் பெல்ட் கதவுக்கு வெளியே தொங்கி ரோட்டுல இழுபட்டுக்கிட்டு வருது. அதைச் சொல்லத்தான் நிறுத்தினேன்."

இறங்கிப் பார்த்தேன். உண்மைதான். பெல்ட்டின் இரும்பு நாக்கு ஒரு ஓரம் தேய்ந்து வெள்ளையாக மின்னியது. எங்கள் நல்லதுக்கு நிறுத்திய மனிதர், அந்த நல்லதைச் சொல்ல நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். முதல் வாக்கியமாக வந்திருக்க வேண்டியது கடைசி வாக்கியமாக வந்தது. அதற்கு அவர் பாதிக் காரணம். மீதிப் பாதி நான்.

அம்மா இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படிக்கிற பழக்கம் அதிகம் இல்லாதவன்தான், ஆனால் ரோஷம் படிக்க வைத்தது. அமெரிக்காவில் போலீஸ்காரர்களின் உடல் கேமராப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 2023இல் வந்த ஓர் ஆய்வு, கறுப்பின ஓட்டுநர்கள் நிறுத்தப்பட்ட 577 சம்பவங்களைப் பார்த்தது. போலீஸ்காரர் பேசும் முதல் 45 சொற்களை வைத்தே, இது சோதனை, கைவிலங்கு, கைது என்று முற்றுமா முற்றாதா என்பதைப் பெருமளவு கணிக்க முடிகிறதாம். 45 சொல் என்றால் அரை நிமிடம்கூட இல்லை. முற்றிப்போன சம்பவங்களில் பேச்சு கட்டளையோடு தொடங்குவது அதிகம், நிறுத்திய காரணம் வருவது குறைவு. "கண்ணு தெரியலையா" கட்டளைகூட இல்லை, ஆனால் அதே சாதிதான்.

அந்த ஆய்வில் என்னைக் கொஞ்சம் சங்கடப்படுத்திய இடமும் உண்டு. முற்றிப்போன சம்பவங்களிலும் ஓட்டுநர்கள் தொடக்கத்தில் ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள். அதாவது, "நீங்க மரியாதையா நடந்துக்குங்க, எல்லாம் சரியாயிடும்" என்று நான் மாணவர்களுக்கு உறுதி கொடுக்க முடியாது. யாரைப் பார்த்தால் எப்படிப் பேசத் தோன்றுகிறது என்பது, வண்டி நிற்பதற்கு முன்பே அந்தப் போலீஸ்காரரின் மனதில் முடிவாகிவிடுவதும் உண்டு. 2017இல் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரப் பதிவுகளை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு சொன்னதும் இதுதான்: வெள்ளையரிடம் பேசுவதைவிடக் கறுப்பரிடம் பேசும்போது மரியாதை குறைகிறது. வசவு தேவையில்லை. ஒரு "மன்னிக்கணும்", ஒரு "சார்", ஒரு "நன்றி" குறைந்தாலே அளவில் தெரிகிறது. எந்த ஊரில் யாருக்கு அந்த "சார்" குறையும் என்பது அந்தந்த ஊர்க்காரருக்குத் தெரியும்.

கலிபோர்னியாவில் 2024 தொடக்கத்திலிருந்து இதைச் சட்டமாகவே வைத்துவிட்டார்கள். நிறுத்திய காரணத்தை முதலில் சொல்ல வேண்டும், கேள்வியெல்லாம் அதற்குப் பிறகு. அதற்கு முன்பு அங்கே போலீஸ்காரர்கள் வழக்கமாகக் கேட்டது "எதுக்கு நிறுத்தினேன் தெரியுமா?" என்று. பள்ளிக்கூட வாத்தியார் "என்ன தப்பு செஞ்சேன்னு நீயே சொல்லு" என்று கேட்பது போல. தெரியும் என்றால் ஒப்புக்கொண்டதாக ஆகும், தெரியாது என்றால் அலட்சியமாக ஓட்டியதாக ஆகும். அந்தக் கேள்விக்குச் சரியான பதிலே கிடையாது.

இந்த மாதிரிக் கேள்விக்கு நேர் எதிரான முயற்சி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்தது, 2009–10இல். குடித்திருக்கிறார்களா என்று ஊதச் சொல்லும் சோதனைகள் அறுபது. பாதியில் வழக்கம்போல ஊதச் சொல்லி அனுப்பினார்கள். மீதிப் பாதியில் போலீஸ்காரர்களுக்கு என்ன பேசுவது என்று எழுதியே கொடுத்தார்கள். ஏன் நிறுத்துகிறோம், உங்களைத் தனியாகக் குறிவைக்கவில்லை, எல்லாரையும் இப்படித்தான் நிறுத்துகிறோம், உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா, நன்றி. ஒன்றரை நிமிடப் பேச்சு. பின்னர் ஓட்டுநர்களிடம் கேட்டபோது, அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் போலீஸைக் கூடுதலாக மதித்தார்கள். ஆனால் இதையே ஸ்காட்லாந்தில் செய்து பார்த்தபோது பலன் இல்லை, கொஞ்சம் கெட்டும் போனது. காரணம் தேடியவர்கள் கண்டது, இந்த வேலை தங்கள் தலையில் திணிக்கப்பட்டதாகப் போலீஸ்காரர்களே கடுப்பில் இருந்தார்கள் என்பதை. எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தால் எதிரில் இருப்பவருக்குத் தெரியாதா என்ன?

போலீஸ்காரர் பக்கத்தையும் கேட்டேன். என்னிடம் ஒரு டிராஃபிக் கான்ஸ்டபிள் கார் கற்றுக்கொண்டார். பைக்கில் புலி, காரில் பூனை. ரிவர்ஸ் எடுக்கையில் அவருக்கு வியர்த்ததைப் பார்த்த பிறகு எனக்கு அவரிடம் பயம் போய்விட்டது. நடந்ததை அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"நாங்க கை காட்டுறப்ப பாதி வண்டி நிக்கிற மாதிரி வந்து, பக்கத்துல வந்ததும் முறுக்கிட்டுப் போகும் சார். உங்க வண்டி சீறினப்ப அவர் உயிர் போய்த் திரும்பியிருக்கும். பயந்தவன் வாயில நல்ல வார்த்தை வராது."

இதை நான் யோசிக்கவே இல்லை. அவர் துள்ளியதைப் பார்த்தவன் நான். அதைப் பயமாக எடுத்துக்கொள்ளாமல் திமிராக எடுத்துக்கொண்டேன்.

கான்ஸ்டபிளுக்கு எரிச்சல் தருவது எது என்று கேட்டேன். திட்டுவது இல்லையாம். "கண்ணாடியை ரெண்டு விரல் அளவுக்கு இறக்கிட்டு, லைசென்ஸுக்குப் பதிலா போனை நீட்டுவாங்க. 'பேசுங்க' என்பாங்க. அந்தப் பக்கம் யாருன்னே தெரியாது." நான் யார் தெரியுமா என்று வாயால் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள், இப்போது போன் கேட்கிறது. (காசுக்குக் கைநீட்டும் போலீஸ்காரர் பற்றியும் அவரிடம் கேட்டேன். ரிவர்ஸைத் தொடரலாமா என்றார்.)

இப்போது பத்தாவது வகுப்பில் நிறுத்தப் பாடம் வைத்திருக்கிறேன். இண்டிகேட்டர் போட்டு, மெதுவாக்கி, ஓரம் கட்டு. இண்டிகேட்டர் மின்னுவதே நிற்கப்போகிறாய் என்று போலீஸ்காரருக்குச் சொல்லிவிடும். எஞ்சினை அணை. கண்ணாடியை முழுக்க இறக்கு. இரவு என்றால் உள்விளக்கைப் போடு, கை ஸ்டீயரிங்கில் இருக்கட்டும். இறங்கச் சொன்னால் இறங்கு. சில ஊர்களில் இறங்கிப் போவது மரியாதை, சில ஊர்களில் அதுவே மிரட்டல். எனவே எங்கே ஓட்டப் போகிறாயோ அங்கே கேட்டுத் தெரிந்துகொள். டேஷ்போர்டைத் திறக்கும் முன் "பேப்பர் உள்ள இருக்கு, எடுக்கட்டுமா சார்?" என்று கேள். தப்பே செய்யாமல் வழக்குப் போட்டதாகத் தோன்றினால் ரோட்டோரத்தில் வாதாடாதே, நீதிமன்றம் அதற்குத்தான் இருக்கிறது. ரோட்டில் வாதாடி ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை, நாற்பது நிமிடம் நின்றவரை நன்றாகத் தெரியும்.

ஒரு கேள்வியை மட்டும் பத்து தடவை சொல்ல வைக்கிறேன்: "எதுக்கு நிறுத்தினீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா சார்?" எழுத்தில் பார்த்தால் பணிவாக இருக்கும். ஆனால் "எதுக்கு"வில் அழுத்தம் விழுந்தால் சண்டை, "தெரிஞ்சுக்கலாமா"வில் விழுந்தால் கேள்வி. கிளட்ச் மாதிரிதான், எங்கே விடுகிறோம் என்பதில் இருக்கிறது.

அம்மா திரும்பி வந்தார். முதல் வேலையாகப் பின்கதவைத் திறந்து பெல்ட்டை உள்ளே இழுத்துச் சொருகிவிட்டுத்தான் உட்கார்ந்தார். காலியான மைதானத்தில் ஒத்திகை வைத்தோம். நான் இறங்கிப் போய்ப் போலீஸாக நின்று கையை நீட்டினேன். இண்டிகேட்டர் போட்டார், ஓரம் கட்டினார், அணைத்தார், கண்ணாடி முழுதும் இறங்கியது. விறைப்பாக நடந்து போய் ஜன்னலில் குனிந்தேன்.

"லைசென்ஸ் எடுங்க."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு நிறுத்தினீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா தம்பி?"

நான் காரணம் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை.