பரந்தனில் ஒரு மலிவு வேப்: பாவித்துப் பார்த்த நாட்குறிப்பு

3 ஓகஸ்ட் 2025, ஞாயிறு

லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்த அத்தான் திரும்பிப் போகும்போது, தன்னிடம் மேலதிகமாக இருந்த வேப் (திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின் சிகரெட்) ஒன்றை எனக்குத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். கூடவே அதில் செருகும் சில பொட்டுகள் (திரவம் ஊற்றும் சிறு தொட்டிகள்), 10 மில்லிலீற்றர் திரவப் போத்தல்கள், நிக்கொட்டின் இல்லாத பெரிய போத்தல் ஒன்று. "மச்சான், சிகரெட்டை விடு எண்டு சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன். இதையாவது பிடிச்சுப் பார்" என்றார்.

அங்கே 2025 ஜூன் 1 முதல், ஒருமுறை பாவித்து எறியும் வேப்களை விற்க முடியாது. மறுபடி சார்ஜ் பண்ணவும் மறுபடி நிரப்பவும் கூடியதைத்தான் விற்கலாம். இதுவும் அப்படி வந்த மலிவான சாமான்தான். கட்டைவிரல் அகலம், உள்ளே 1000 மில்லியம்பியர் மணி பற்றரி, மேலே செருகும் பொட். பொத்தான் கிடையாது. வாயில் வைத்து இழுத்தால் காற்றோட்டத்தை உணர்ந்து தானாகவே சூடேறும்.

மோட்டர் வைண்டிங் கடையில் நாள் முழுக்க நிற்கிற ஒருவனுக்கு, வன்னி வெயிலிலும் புழுதியிலும் இது தினப் பாவனைக்கு உதவுமா என்று பார்த்து எழுதப் போகிறேன். நான் பல வருடமாகச் சிகரெட் பிடிப்பவன். பிடிக்காதவர்கள் இந்தச் சாமானைத் தொடவே வேண்டாம். அவர்களுக்கு இதில் ஒரு நன்மையும் இல்லை.

4 ஓகஸ்ட், திங்கள்

முதல் வேலையாக மீட்டரை எடுத்தேன். பொட்டின் அடியில் இரண்டு உலோக முனைகள் இருக்கின்றன. அவற்றில் வைத்தபோது 1.2 ஓம் காட்டியது. மீட்டரின் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.2 வருகிறது. அதைக் கழித்தால் சரியாக 1.0 ஓம், பெட்டியில் போட்டிருக்கிற அதே அளவு. மலிவுச் சாமானில் இவ்வளவு சரியாக வந்தது எனக்குச் சந்தோஷம்.

பற்றரி 3.7 வோல்ட், திரவத்தைச் சூடாக்கும் கொயில் 1 ஓம் என்றால் 13.7 வாட். பற்றரியில் இருப்பது 3.7 வாட் மணி. ஒரு இழுவைக்கு மூன்று செக்கன் என்று வைத்தால் முந்நூறுக்குச் சற்று மேலே வரும். இது தாளில் போட்ட கணக்கு. சூட்டிலும் சுற்றிலும் வீணாவதைக் கழித்தால் குறையும். எப்படிப் பார்த்தாலும் ஒரு வேலை நாளுக்குக் காணும்.

நிரப்புவது சுலபம். பொட்டின் பக்கத்தில் உள்ள ரப்பர் அடைப்பை நகத்தால் கிளப்பி, போத்தல் மூக்கை உள்ளே விட்டு மெல்ல அழுத்த வேண்டும். திரவம் ஏற ஏற, கொயிலைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பஞ்சு விளிம்பில் இருந்து நிறம் மாறிக்கொண்டு வருவது கண்ணாடிபோன்ற சுவருக்குள்ளால் தெரிகிறது. சின்னச் சின்னக் குமிழி ஒவ்வொன்றாக மேலே வரும். குமிழி நின்ற பிறகும் பத்து நிமிடம் அப்படியே வைக்க வேண்டும். காய்ந்த பஞ்சில் கரண்ட் ஏறினால் பஞ்சு கருகிவிடும், பிறகு அந்தப் பொட் எறியத்தான். புதுச் சாமான் வாங்கியவர்கள் அவசரப்படுவது இந்த இடத்தில்தான் என்று அத்தான் சொல்லியிருந்தார். நான் நிரப்பி வைத்துவிட்டு ஒரு பம்பைக் கழற்றப் போய்விட்டேன்.

6 ஓகஸ்ட், புதன்

இங்கிலாந்தில் விற்கும் திரவத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கொட்டின் இருக்கக் கூடாது. பொட்டிலும் 2 மில்லிலீற்றருக்கு மேல் பிடிக்கக் கூடாது. என்னிடம் இருப்பது அந்த 20 தான். உப்பு நிக்கொட்டின் என்று சொல்கிறார்கள், நிக்கொட்டினோடு பென்சோயிக் அமிலம் சேர்ந்தது. அதனால்தான் இந்த அளவிலும் தொண்டையைக் கிழிக்கவில்லை.

ஆனால் அந்த மென்மையே கவனிக்க வேண்டிய விஷயம். சிகரெட் எரிந்து முடிந்தால் முடிந்தது, அடுத்ததைப் பற்ற வைக்க ஒரு முயற்சி வேண்டும். இதற்கு முடிவு இல்லை. கை சும்மா இருந்தால் வாய்க்குப் போகிறது. இன்று மத்தியானம் தலை இலேசாகச் சுற்றியதும் எடுத்து லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். இனிச் சிகரெட் பிடிக்கும் நேரங்களில் மட்டும், அதுவும் கொஞ்ச இழுவையோடு நிறுத்துவது என்று வைத்திருக்கிறேன்.

காலைப் பிளேன்ரீயோடு சிகரெட் இல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். மற்ற நேரம் சமாளிக்கலாம்.

10 ஓகஸ்ட், ஞாயிறு

நல்லூர்க் கொடி ஏறியதில் இருந்து வீட்டில் மச்சம் இல்லை. இந்த நாட்களில் சிகரெட் மணத்தோடு உள்ளே வந்தால் மனைவிக்குப் பிடிக்காது. இன்று கிட்ட வந்து மணந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, மாம்பழம் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள். சேட்டிலும் தலைமயிரிலும் புகை நாற்றம் இல்லை. எதுவும் எரியாதபடியால் தாரும் இல்லை, காபன் மொனொக்சைட்டும் இல்லை. இதுதான் இந்தச் சாமானின் பெரிய பலன். ஆனால் சிகரெட்டையும் இதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பலன் கிடைக்காது, முழுதாக மாற வேண்டும். இங்கிலாந்தின் அரச சுகாதார சேவை, புகைப்பவர்கள் மாறினால் தீங்கு குறைவு என்கிறதே தவிர, தீங்கே இல்லை என்று சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் இதைப் பாதுகாப்பானது என்று ஏற்கவும் இல்லை.

மாம்பழ மணத்தில் எனக்கு இன்னொரு பயமும் வந்தது. வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறாள். ஒரு சின்னப் போத்தலில் 200 மில்லிகிராம் நிக்கொட்டின் இருக்கிறது. பாணி மாதிரி மணக்கிற நஞ்சு. மூடியை அழுத்தித்தான் திருக வேண்டும் என்றாலும் அதை நம்பி விட முடியாது. போத்தல்கள் முழுவதையும் கடைக்குக் கொண்டுபோய் மீட்டர் வைக்கிற லாச்சியில் பூட்டிவிட்டேன். நிரப்பும்போது விரலில் பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறேன்.

12 ஓகஸ்ட், செவ்வாய்

வெயில் சோதனை. கடைக்குத் தகரக் கூரை. ஓகஸ்ட் மாதத்தில் மத்தியானம் ஒரு மணிக்கு உள்ளே நிற்கிறவர்களுக்குத்தான் அது தெரியும். நிரப்பிய பொட்டோடு சாமானைக் கூரைக்குக் கிட்டவாகத் தட்டில் படுக்க வைத்து, சாப்பிட்டுவிட்டு வந்து எடுத்தேன். பொட்டைக் கழற்றினால் அடியில் ஈரம். இரண்டு முனைகளிலும் ஒட்டும் பதமாகத் திரவம் நின்றது. முதல் இழுவையில் வாய்க்குள் திரவமே தெறித்தது, கசப்பு.

காரணம் விளங்கக்கூடியதுதான். திரவத்தில் பாதி புரோப்பிலீன் கிளைக்கோல், பாதி கிளிசரின். சூடு ஏறினால் இரண்டும் தண்ணியாகி, பஞ்சு பிடித்து வைத்திருக்க முடியாமல் கீழே இறங்குகிறது. நிழலில் நிமிர்த்தி வைத்தால் இந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை. இப்போது சீமெந்து நிலத்தில், பழைய கிளாஸ் ஒன்றுக்குள் நிமிர்த்தி வைக்கிறேன். முனைகளைப் பின்னேரம் ஒருமுறை ரிஷூவால் துடைத்தால் போதும். சேட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு வயலில் நிற்கிறவர்களுக்கு இது சரிவராது. சிறுபோக அறுவடைக்குப் போகும் ஆட்கள் சேட்டைக் கழற்றி வரம்பில் போட்டுவிடுவார்கள். அந்த வெயிலில் ஒரு பொட் முழுக்கத் துணிக்குள் இறங்கிவிடும். பற்றரிக்கும் அந்தச் சூடு கூடாது.

14 ஓகஸ்ட், வியாழன்

லைன் திருத்த வேலைக்குக் காலையில் இருந்து கரண்ட் இல்லை. சாமான் பின்னேரம் வரை தாங்கியது. ஃபோன் வயரே இதற்கும் சரி. பவர் பாங்கில் இருந்தும் ஏறுகிறது. சார்ஜில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

17 ஓகஸ்ட், ஞாயிறு

விசுவமடுப் பக்கம் ஒரு கிணற்றுப் பம்ப் பார்க்கப் போனேன். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் போகும்வரை பிரச்சினை இல்லை. உள்ளே திரும்பும் கிரவல் றோட்டில் சோழகக் காற்று முகத்தில் செம்மண்ணை அள்ளி அடிக்கிறது. போய்ச் சேர்ந்து எடுத்துப் பார்த்தால் வாய் வைக்கும் இடத்தில் சிவப்புத் தூள், காற்று போகும் சிறு துளையிலும் அதுதான். அப்படியே இழுத்தால் மண் நேரே நெஞ்சுக்குள். வார்னிஷ் பூசாத காய்ந்த தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்தேன்.

இதற்கு மூடி தராதது செய்தவர்களின் குறை. மழையும் குளிரும் உள்ள ஊருக்காகச் செய்திருக்கிறார்கள். வந்து ஒரு பழைய சைக்கிள் ரியூப்பில் துண்டு வெட்டி, மேலே இழுத்து மாட்டினேன். நன்றாக இறுக்கமாக நிற்கிறது, துளையையும் மறைக்கிறது.

20 ஓகஸ்ட், புதன்

கடையில் வேலை பழகும் பெடியன் இன்று கேட்டான். "அண்ணை, ஒருக்கா இழுத்துப் பாக்கட்டோ? மணம் நல்லாக் கிடக்கு." அவன் சிகரெட் பிடிக்காதவன், இருபத்தொரு வயதும் ஆகவில்லை. இலங்கையின் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி இருபத்தொன்றுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கவே கூடாது. சட்டத்தை விடுவோம், அவனுடைய தாய் என்னை நம்பித்தான் கடைக்கு அனுப்பியிருக்கிறா. முடியாது என்று சொன்னேன். ஏன் என்றும் இருத்தி விளங்கப்படுத்தினேன்.

பிறகுதான் யோசித்தேன். சிகரெட்டை அவன் முன்னால் பிடித்தபோது அவன் ஒருநாளும் கேட்டதில்லை. நாற்றமே அவனைத் தள்ளி வைத்தது. இந்த மாம்பழமும் முந்திரிகையும் கூப்பிடுகின்றன. இனி அவன் முன்னால் இதை எடுப்பதில்லை, பின்பக்கம் வேப்பமரத்தடிக்குப் போகிறேன். கடையில் பாவிக்கும் பொட்டிலும் வெறும் புகையிலைச் சுவையை ஊற்றிவிட்டேன்.

25 ஓகஸ்ட், திங்கள்

மாம்பழம் ஊற்றிய பொட் கருகிவிட்டது. இரண்டு நாளாகச் சுவை மங்கி வந்தது, இன்று தொண்டையில் பிடித்து இருமல் எடுத்தது. கட்டரால் வெட்டித் திறந்து பார்த்தேன். கொயில் என்கிறோமே தவிர, சுற்றிய கம்பி இல்லை. வலைபோலத் துளையிட்ட மெல்லிய தகடு, குழாயாக வளைத்து நடுவில் நிற்கிறது. அதன் மேல் கறுப்பாகக் கருகிய சீனிப் பாணி. பஞ்சு வெளிப்பக்கம் மஞ்சள், தகட்டைத் தொடும் இடத்தில் மண்ணிறம். மோட்டர் எரிந்து வந்தால் ஸ்டேட்டரைப் பிரிக்கும்போது அடிக்கிற வார்னிஷ் நாற்றம் மாதிரியே ஒன்று. இனிப்புச் சேர்த்த திரவம் கொயிலைச் சாப்பிட்டுவிடுகிறது. புகையிலைச் சுவை ஊற்றிய பொட் இன்னும் நன்றாக ஓடுகிறது.

தகடு தனியாகக் கழன்று வந்தால் நானே செய்து போட்டுவிடுவேன். பொட்டோடு ஒட்டி அடைத்திருக்கிறார்கள். கருகினால் முழுப் பொட்டும் குப்பை. நிரப்பிப் பாவிக்கலாம் என்று விற்கும் சாமானில் இது எனக்குச் சரியாகப் படவில்லை.

29 ஓகஸ்ட், வெள்ளி

கிளிநொச்சி ரவுனில் தெரிந்த ஒருவர் மூலம் திரவம் வந்தது. சின்னக் கண்ணாடிப் போத்தல், பழ மணம், பளிச்சென்ற நிறம். எத்தனை மில்லிகிராம், யார் செய்தது, எப்போது செய்தது, ஒன்றும் எழுதியில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். 2019-இல் அமெரிக்காவில் நிறையப் பேர் நுரையீரல் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், பலர் இறந்தும் போனார்கள். பெரும்பாலும் கள்ளச் சந்தையில் வந்த, கஞ்சாச் சாறு சேர்த்த திரவம். அதில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசற்றேற்றைத்தான் முக்கிய காரணமாகக் கண்டார்கள். சாப்பிட்டால் ஒன்றும் செய்யாத எண்ணெய், நெஞ்சுக்குள் போனால் ஆளையே கொல்லும். பெயர் இல்லாத போத்தலில் என்ன இருக்கிறதென்று மீட்டர் வைத்துப் பார்க்க முடியாது.

2 செப்டெம்பர், செவ்வாய்

தினப் பாவனைக்கு உதவுமா என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைத்துவிட்டது. பற்றரி சரி, நிரப்புவது சரி, கசிவுக்கும் புழுதிக்கும் வழி இருக்கிறது. பொட்டும் திரவமும்தான் இங்கே இல்லை. புகையிலை அடங்கிய மின் சிகரெட்டைச் செய்வது, இறக்குவது, விற்பது எல்லாவற்றையும் 2016-இல் வந்த வர்த்தமானி தடுத்திருக்கிறது. நம்பி வாங்கக்கூடிய கடை வன்னியில் இல்லை. அப்படியிருக்க, இதை வருடக் கணக்கில் பாவிக்கும் சாமானாக வைத்திருக்க நினைப்பவர் கடைசியில் அந்தப் பெயரில்லாப் போத்தலுக்கோ பழையபடி சிகரெட்டுக்கோதான் போவார். எனக்கு இரண்டும் வேண்டாம். ஆகவே கையில் இருப்பது முடிவதற்குள் நிக்கொட்டினைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும்.

6 செப்டெம்பர், சனி

அத்தான் தந்த, நிக்கொட்டின் இல்லாத அந்தப் பெரிய போத்தல் இப்போது உதவுகிறது. இங்கிலாந்தில் ஒரு போத்தலில் 10 மில்லிலீற்றருக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடு நிக்கொட்டின் உள்ள திரவத்துக்குத்தான், இல்லாததைப் பெரிய போத்தலில் விற்கலாம். கையுறை போட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் 20 இல் இருந்து 5 மில்லிலீற்றர், இதில் இருந்து 5 மில்லிலீற்றர் அளந்து கலந்தேன். மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் ஆகிவிட்டது. பெரிய போத்தலில் கிளிசரின் கூட, ஆகவே கலவை தடிப்பு. வெயிலில் கசிவது குறைந்திருக்கிறது, ஆனால் பஞ்சில் ஊறச் சுணங்குகிறது. ஒரு இழுவைக்கும் அடுத்ததுக்கும் இடையில் கொஞ்ச நேரம் விட வேண்டும். எனக்கு அந்த இடைவெளி நல்லதுதான்.

காலைப் பிளேன்ரீ நேரத்தில் குறைவு தெரிகிறது, கை சிகரெட் பெட்டியைத் தேடுகிறது. பத்து மணிக்குப் பிறகு வேலையில் மறந்துவிடுகிறேன். இரண்டு கிழமை இப்படியே போனால், அடுத்த கலவையில் 20 ஒரு பங்கு, நிக்கொட்டின் இல்லாதது மூன்று பங்கு போட்டு 5 மில்லிகிராமுக்கு இறக்குவேன்.