கண்வலிக்கிழங்குக் காட்டுக் குறிப்புகள்

ஆகஸ்ட் 4
ஆடிப்பெருக்கு கழிந்த கையோடு கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், ஊன்றியாயிற்று. விதைக்காகத்தான். மூலனூர்ப் பக்கத்துச் செம்மண், தண்ணீர் தங்காது. கவட்டைபோல இருக்கும் கிழங்கில் நுனியில்தான் குருத்து. அது முறிந்தால் கிழங்கு வீண். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஹெக்டேருக்கு 120 கிலோ, ஏக்கருக்குச் சுமார் 48. பாதி அடியுரமாகப் போய்விட்டது. மீதி இரண்டு மேலுரம், ஒவ்வொன்றுக்கும் தழைச்சத்து 12 கிலோ, அதற்கு யூரியாவாக 26 கிலோ.

செப்டம்பர் 5
முதல் மேலுரம். யூரியாவைத் தூவிக் காயவிட்டால் ஆவியாகப் போகும். வாய்க்காலைத் திறந்து முழுக்காட்டினால் நைட்ரேட்டாக மாறியது வேருக்குக் கீழே இறங்கிவிடும். சொட்டுநீர்ப் பாத்திக்குக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறேன். கிணற்றோரத் துண்டுக்கு இன்னும் வாய்க்கால்தான், அங்கே ஈரம் பிடிக்கிற அளவுக்கு மட்டும் பாய்ச்சினேன்.

செப்டம்பர் 24
மழையே இல்லை. பக்கத்துக் காட்டுப் பெரியப்பா வந்து, "கொடி சோந்தாப்ல இருக்குது கண்ணு, இன்னொரு அரை மூட்டை போட்டு உடு" என்றார். அடியிலையைப் பிரித்துக் காட்டினேன், நல்ல பச்சை. தழைச்சத்துப் பற்றாக்குறை என்றால் அடியிலைதான் முதலில் மஞ்சளிக்கும். இருப்பதைக் கொழுந்துக்கு அனுப்பிவிடும் செடி. இது உச்சி வெயிலில் துவண்டு பொழுது சாய நிமிர்கிறது. தாகம், வேறொன்றுமில்லை. காய்ந்த மண்ணில் யூரியா எத்தனை கிடந்தாலும் வேருக்கு எட்டாது. "என்னமோ போ" என்று போய்விட்டார்.

அக்டோபர் 22
பூத்தாயிற்று. சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடங்கி நிற்பதால் காலையில் ஆள் வைத்து மகரந்தத்தை எடுத்து அதன் நுனியில் தொட்டுவிடுகிறோம். செலவில் பெரும்பங்கு இந்தக் கூலிதான். வாய்க்கால் கடைமடையில் தண்ணீரும் உரமும் சேர்ந்து தேங்கிய இடத்தில் கொடி புதராக அடைத்திருக்கிறது. பூ குறைவு, இலையில் கருகல் வேறு. பார்க்கிறவர்கள் அதைத்தான் மெச்சுகிறார்கள்!

நவம்பர் 15
வடகிழக்கு மழை. சொட்டுநீர் மூடல், வடிகால் வெட்டல். தூர் அழுகல் வந்தால் கிழங்கே போச்சு.

ஜனவரி 9
இலை மஞ்சளிக்கிறது. இப்போது மஞ்சளிக்கத்தான் வேண்டும், தண்ணீர் நிறுத்தியாயிற்று. விதையில் இருக்கும் கோல்ச்சிசின் கீல்வாத மருந்துக்குப் போகிறது. யூரியா கூடினால் மருந்தும் கூடும் என்று ஒரு நம்பிக்கை இங்கே உண்டு. அந்த மூலக்கூறில் கார்பன் 22, நைட்ரஜன் ஒன்றே ஒன்று. கொட்டியதெல்லாம் மருந்தாகாது, இலையைத்தான் தழைக்க வைக்கும். எங்கள் பக்கம் வியாபாரி பார்ப்பதும் விதையின் எடையைத்தான்.

அடுத்த வாரம் காய் பறிப்பு. விதை முழுக்க விஷம் என்பதால் களத்துப் பக்கம் பிள்ளைகளை விடுவதில்லை. கடைமடைக் காயைத் தனியாக எடை போடச் சொல்லியிருக்கிறேன், பெரியப்பாவுக்குக் காட்ட.