வேண்டாமுங்க என்று சொல்லத் தெரிந்தவர்கள்

கோவை, பொள்ளாச்சி, உடுமலை, கோபி வட்டாரங்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். சொந்தக்காரர்கள் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார்கள். பொங்கலுக்கோ மாரியம்மன் நோம்பிக்கோ ஊருக்கு வருவதற்கு முன்னால், "வாசலையும் பொடக்காலியையும் சுத்தம் பண்ணி வெச்சுருங்க" என்று போன் வரும். பொடக்காலி என்றால் வீட்டின் பின்கட்டு. கேட்கச் சின்ன வேலைதான். ஆனால் இரண்டு மூன்று மழைக்காலம் ஆள் புழங்காத இடத்தில் என்னென்ன சேர்ந்திருக்கும் என்பது அதற்குள் இறங்குகிற ஆட்களுக்குத்தான் தெரியும்.

இடத்தைப் பார்க்காமல் போனிலேயே கூலி பேசி முடிப்பவர்களை நான் கூப்பிடுவதில்லை. வந்ததும் கையில் ஒரு குச்சியோடு வேலியோரமாக ஒரு சுற்று நடந்து பார்ப்பவர்தான் எனக்கு வேண்டும். எதைத் தொடலாம், எதை இன்றைக்குத் தொடக்கூடாது என்று அவர் சொல்ல வேண்டும். இத்தனை வருட அனுபவத்தில் ஆளை எடைபோட இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனைமலைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெரியவரிடம் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். பழைய ஓட்டு வீட்டைப் பிரித்த இடங்களில் மங்களூர் ஓடுகளை அடுக்கி அப்படியே விட்டிருப்பார்கள். அந்த அடுக்கில் அவர் கை வைத்து நான் பார்த்ததே இல்லை. நீளமான கொக்கியால் ஒவ்வொரு ஓடாக இழுப்பார். "கையை வுடாதீங்க தம்பி, சித்தெ பொறுங்க" என்று கூட வந்த பையன்களையும் தடுப்பார். கட்டுவிரியன் இரவில் நடமாடிவிட்டுப் பகலில் இப்படிப்பட்ட இடுக்குகளில்தான் ஒண்டிக் கிடக்கும். கண்ணாடி விரியன் வேறு மாதிரி. ஆள் அரவம் கேட்டாலும் சட்டென்று விலகிப் போகாமல் சருகோடு சருகாகக் கிடக்கும். அதனால் தழை கூட்டுகிற வேலைக்குக்கூட முழங்கால் வரை பூட்ஸ் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். பாம்பைக் கண்டால் வேலை நிற்கும், தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ போன் போகும். அடிக்க விடுவதில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் ஒரு காரணம். அடிக்கப் போகிறவர்தான் பெரும்பாலும் கடி வாங்குகிறார் என்பது இன்னொரு காரணம். கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். வேலை ஆரம்பிக்கும் முன்பே அது எங்கே இருக்கிறது, ஓட்ட வண்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

பார்த்தீனியம் என்ற விஷக்களையைப் பூக்கும் முன்பே, மழை ஈரம் இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். டயர், கொட்டாங்குச்சி, உடைந்த தொட்டி இவற்றில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் மட்டும் போதாது. காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்வேன். கைவிட்ட ஆழ்துளைக் கிணறு கண்ணில் பட்டால் மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் அதை மூடுவோம். ஆயிரம் அடிக்கும் அதிகமான ஆழத்துக்குப் போர் போட்ட சீமை இது. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் அப்படி ஒரு கிணற்றில் குழந்தை விழுந்து இறந்ததை யாராலும் மறக்க முடியாது.

பழைய சிமெண்ட் சீட் கூரைதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் நொறுங்கிவிடும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அந்தத் தூளில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. நோய் தெரிய இருபது, முப்பது வருடம்கூட ஆகும். அதற்குள் எந்த வீட்டுக் கூரை என்று யாருக்கு நினைவிருக்கும்? தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடையாமல் முழுசாக இறக்கச் சொல்கிறேன். மூக்கில் துண்டு கட்டினால் போதாது, இதற்கென்று இருக்கிற மாஸ்க் வேண்டும். நாள் கூடும், கூலி கூடும். சொந்தக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

செப்டிக் டேங்க் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. லாரி வந்து குழாய் போட்டு உறிஞ்ச வேண்டும், ஆள் இறங்கக் கூடாது. "கொஞ்சம் அடியில சேறு இருக்குது, ஒருத்தரை இறக்கி வழிச்சு எடுத்தா என்ன?" என்று படித்தவர்களே கேட்டிருக்கிறார்கள். உள்ளே தேங்கியிருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு லேசாக இருந்தால் அழுகிய முட்டை வாசம் வீசும். அதிகமானால் மூக்கு அந்த வாசத்தையே உணராது. வாசம் இல்லையே என்று நம்பி இறங்கியவரும், அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்தே இறந்த செய்திகளை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். கையால் கழிவு அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆளை இறக்கினால் முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேட்பவரிடம் இதைச் சொல்வேன். சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் மாறியிருக்காது. இறங்கச் சொல்பவர் தன் வீட்டுப் பையனை இறக்கமாட்டார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த வருடம் ஆடிக் காற்று தொடங்கும் முன், உடுமலை பக்கம் ஒரு வீட்டில் காய்ந்த மட்டைகளை இறக்கத் தென்னை ஏறுபவரை அழைத்திருந்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தால் அந்த மட்டையெல்லாம் கூரைமேல்தான் விழும். பக்கத்தில் மின்கம்பி போவதால் லைன்மேனிடம் சொல்லி மின்சாரத்தையும் நிறுத்தியாகிவிட்டது. பாதி மரம் ஏறியவர் இறங்கி வந்துவிட்டார். "மேல கதண்டு கூடு இருக்குதுங்ணா. இன்னைக்கு வேண்டாமுங்க."

கதண்டு என்பது கூட்டமாக வந்து கொட்டும் விஷக்குளவி. போனில் சொந்தக்காரர் சலித்துக்கொண்டார், புகை போட்டால் ஓடிவிடும் என்றார். மரத்தின்மேல் இருக்கிறவருக்கு ஓட இடம் ஏது? தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னோம். பொழுது சாய்ந்து கதண்டுகள் எல்லாம் கூட்டுக்குத் திரும்பிய பிறகு வந்து அழித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அந்தத் தென்னை ஏறுபவரே வந்து எல்லா மரத்தையும் முடித்துக் கொடுத்தார்.

கணக்கு எழுதும்போது முதல் நாளுக்கும் முழுக் கூலி போட்டேன். வேலையே நடக்காத நாளுக்கு எதற்கு என்று சொந்தக்காரர் கேட்டார். அன்றைக்குத்தான் அவர் முக்கியமான வேலையைச் செய்தார் என்று பதில் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அடுத்த வருசத்துக்கும் அவரையே சொல்லி வெச்சுருங்க" என்றார்.