தூங்குகிற பிள்ளையை எழுப்பலாம்

குதிகாலில் குத்தித் தாளில் ஒற்றி எடுத்த சில சொட்டு ரத்தம் போதும். சிங்கப்பூரில் 2006 முதல் பச்சிளம் குழந்தைகளுக்கு இந்தப் பரிசோதனை விரிவாக நடக்கிறது. காய்ந்த அந்தப் புள்ளியில் 'சி-8' என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் ஆக்டனாயில்கார்னிட்டின், அதாவது முழுதாக எரியாத கொழுப்பின் மிச்சம், எகிறியிருந்தால் எம்சிஏடி குறைபாடு என்ற பரம்பரை நோயாக இருக்கலாம்; உடம்பால் கொழுப்பைச் சரியாக எரிக்க முடியாது. அதை உறுதிசெய்ய ஏசிஏடிஎம் என்ற மரபணுவைப் படித்துப் பார்க்க வேண்டும். என் வேலை அங்கேதான் தொடங்கும்.

அன்று வந்தது ஒரு பெண் குழந்தையின் மாதிரி. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே சொல்கிறேன். அம்மா சிங்கப்பூர்த் தமிழர், அப்பா ஆங்கிலேயர். அப்பாவின் தங்கைக்கு இங்கிலாந்தில் எடுத்த பழைய அறிக்கையும் கூடவே வந்திருந்தது. அதில் புரதத்தின் 304ஆம் இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளுட்டமேட் என்றிருந்தது. குழந்தையிடம் நான் கண்டது இரண்டு மாற்றங்கள். ஒன்று அம்மா வழி வந்தது. மற்றது அப்பா வழி வந்தது, 329ஆம் இடத்தில். "குடும்பத்தில் முன்பு கண்ட மாற்றம் குழந்தையிடம் இல்லை" என்று வரைவில் எழுதிவிட்டேன்.

மேலே அனுப்புவதற்கு முன் எங்கள் மூத்தவர் பார்த்தார். ஒன்றும் பேசாமல் ஒரு தாளில் 329லிருந்து 25ஐக் கழித்துக் காட்டினார். 304.

இந்த மரபணுவின்படி புரதம் உருவாகும்போது அதில் 421 அமினோ அமிலங்கள். முதல் 25, செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைவதற்கான அனுமதிச்சீட்டு மாதிரி. உள்ளே போனதும் வெட்டப்பட்டுவிடும். முன்பு வெட்டிய பிறகு எண்ணினார்கள், இப்போது தொடக்கத்திலிருந்தே எண்ணுகிறோம். ஆகவே அத்தையிடம் இருந்ததும் குழந்தைக்கு வந்ததும் ஒரே மாற்றம்தான். டிஎன்ஏவில் 985ஆம் எழுத்து ஏ போய் ஜி வந்திருக்கிறது. வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் இந்த நோய்க்கு மிகப் பொதுவான காரணமே அதுதான். இதைக்கூடச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடவிருந்தேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

இரண்டு நாள் கழித்து மரபணு ஆலோசகர் கூப்பிட்டார். குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளப் போவது பாட்டி, அம்மாவின் அம்மா. அவருக்குத் தமிழில் சொல்ல முடியுமா என்று கேட்டார். ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் குடும்பத்தைப் பார்ப்பதே அபூர்வம். போனேன்.

பாட்டி எடுத்த எடுப்பிலேயே கேட்டார். "ராத்திரியெல்லாம் எழுப்பிப் பால் குடுக்கச் சொல்றாங்களேம்மா. தூங்குற பிள்ளையை எழுப்பலாமா? பிள்ளை தூக்கத்துலதானே வளரும்?"

மரபணு, என்சைம் எதுவும் இங்கே உதவாது என்று தெரிந்தது. இளவயதில் செம்பவாங் கம்பத்தில், அதாவது கிராமத்தில், விறகடுப்பில் சமைத்தவர் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அதையே பிடித்துக்கொண்டேன். பால் குடித்துச் சில மணி நேரம் ஆனதும் உடம்பில் இருக்கிற சர்க்கரை குறைந்துகொண்டே போகும் பாட்டி, அப்புறம் சேர்த்து வைத்த கொழுப்பை எடுத்து எரிக்கும். கொழுப்பு நீளமான கட்டை மாதிரி. பெரிய கட்டையைப் பிளக்க ஒரு கோடாலி, நடுத்தரத் துண்டைப் பிளக்க ஒன்று, சின்னத் துண்டுக்கு ஒன்று. உங்கள் பேத்திக்கு அந்த நடுக்கோடாலி மட்டும் வேலை செய்யாது.

பாட்டி கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "அப்போ பாதி வெட்டின கட்டை அடுப்புக்குள்ள போகாது. வாசல்லயே கெடந்து புகையும்."

அந்தப் புகைதான் நான் திரையில் பார்த்த சி-8. இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

மீதியை அவரே ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். அடுப்பு அணைந்தால் என்ன ஆகும்? சர்க்கரை சரியும், சோர்வு வரும், வலிப்பு வரலாம், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. பரிசோதனை இல்லாத காலத்தில், முதல் முறை நோய் வெளிப்பட்டபோதே இறந்துபோன குழந்தைகள் பலர். காய்ச்சல், வாந்தி வந்து பால் இறங்காவிட்டால்? காத்திருக்காமல் மருத்துவமனை, ஆலோசகர் தரும் கடிதத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். மருந்து? பெரும்பாலும் வேளைக்குச் சாப்பாடுதான். நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு சேர்த்த சிறப்புப் பால்மாவு மட்டும் கூடாது. வளர வளர இடைவெளியை மருத்துவர் கூட்டிக்கொண்டே போவார்.

"பெரியவளானா வெள்ளிக்கிழமை விரதம்?"

"வேண்டாம் பாட்டி. எப்பவுமே வேண்டாம்."

"சாமி கோவிச்சுக்காது" என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினார். அலாரம் வைக்க அவருக்குத் தெரியாதாம். ஆலோசகர் எழுதிக் கொடுத்திருந்த நேரங்களைப் பார்த்து, இரவு 10, 1, 4 என்று மூன்று வைத்தேன். ஒன்றை அடிக்கவிட்டுக் கேட்டார். இன்னும் கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொன்னார்.